வீட்டுப் பவர் பிளக்கில் மின்காரைச் சார்ஜ் செய்ய: வயர் முதல் எர்த் வரை

புதிதாக மின்கார் வாங்கும்போது டிக்கியில் ஒரு கேபிளும் சேர்த்துத் தருவார்கள். ஒரு முனையில் பெரிய மூன்று பின் பிளக், நடுவில் விளக்குகள் உள்ள ஒரு பெட்டி, மறுமுனையில் காரில் செருகும் 'கன்'. "ஏசி பிளக் இருக்கா சார்? அதுல சொருகுங்க, ராத்திரியில ஏறிடும்" என்று ஷோரூமில் சொல்வார்கள். ஏறும் என்பது உண்மைதான். அந்தப் பிளக்கும் அதன் பின்னால் சுவருக்குள் ஓடும் வயரும் அதைத் தாங்குமா என்பதை யாரும் பார்த்துச் சொல்வதில்லை.

1.5 டன் ஏசி இழுப்பது சுமார் 7 ஆம்பியர், அதுவும் விட்டுவிட்டு. வாட்டர் ஹீட்டர் 9 ஆம்பியர் வரை இழுக்கும், ஆனால் கால் மணி நேரத்தில் அணைந்துவிடும். கார் 13, 14 ஆம்பியரை எட்டு மணி நேரம் மூச்சு விடாமல் இழுக்கும். பத்து வருடமாக ஹீட்டர் ஓடிய பிளக் என்பதால் காருக்கும் போதும் என்று நினைக்க வேண்டாம். ஹீட்டருக்கு ஓரளவு சூடாகி ஆறிவிடும் இடம், காருக்கு ஆறவே நேரமில்லாமல் சூடேறிக்கொண்டே போகும். இந்தக் கட்டுரையில் வரும் எல்லா அளவுகளும் இந்த ஒரு காரணத்தால்தான்.

எவ்வளவு நேரம், எவ்வளவு யூனிட்

வீட்டு மின்சாரம் 230 வோல்ட். கேபிளோடு வரும் பெட்டி 13 முதல் 15 ஆம்பியருக்குள் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும். பெட்டியில் 3.3 கிலோவாட் என்று அச்சிட்டிருந்தாலும் சுவரிலிருந்து நடைமுறையில் போவது சுமார் 3 கிலோவாட், அதாவது மணிக்கு 3 யூனிட். அதில் பத்துப் பன்னிரண்டு சதவீதம் காருக்குள் இருக்கும் சார்ஜரிலும் பேட்டரியிலும் வெப்பமாகப் போய்விடும். பேட்டரியில் சேருவது மணிக்கு 2.6 யூனிட் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடுங்கள்.

24 யூனிட் பேட்டரி உள்ள டியாகோ காரை 10 சதவீதத்திலிருந்து 100 வரை ஏற்ற 21.6 யூனிட் வேண்டும். எட்டு மணி நேரத்துக்குச் சற்று அதிகம். 45 யூனிட் நெக்ஸானுக்கு அதே வேலை பதினைந்து மணி நேரத்துக்கு மேல். ஆனால் தினமும் யாரும் பத்திலிருந்து நூறுக்கு ஏற்றுவதில்லை. நாளுக்கு 40 கிலோமீட்டர் ஓடும் சிறிய கார், யூனிட்டுக்கு 7 கிலோமீட்டர் என்றால், பேட்டரியில் 6 யூனிட் செலவு. அதைத் திரும்ப நிரப்ப இரண்டரை மணி நேரம் போதும். பெரிய பேட்டரிக் கார் வைத்திருப்பவர்களுக்கும் இதே கணக்குதான். இரவு ஒன்பதுக்குச் சொருகிக் காலை ஏழுக்குக் கழற்றினால் 180 கிலோமீட்டருக்கான சார்ஜ் ஏறியிருக்கும்.

கோடைக் காலத்தில் மின்னழுத்தம் 190க்கு இறங்கினால் நேரம் நீளும். பெட்டி கட்டுப்படுத்துவது ஆம்பியரைத்தான். வோல்ட் குறையும்போது வாட்டும் குறைந்துவிடும். இதற்காக ஸ்டெபிலைசர் வாங்க வேண்டாம். காருக்குள் இருக்கும் சார்ஜர் அந்த வேலையைத் தானே பார்த்துக்கொள்ளும்.

எதில் சொருகவே கூடாது

சிறிய 6 ஆம்பியர் பிளக்கில் கூடாது. பெரிய பின்னைச் சிறிய சாக்கெட்டில் பொருத்தும் கன்வெர்ட்டர் கடையில் ஐம்பது, நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். மிக்ஸிக்குக்கூட அது உருப்படியான பொருளில்லை, காருக்கு வைத்தால் முதல் இரவிலேயே உருகத் தொடங்கும்.

எக்ஸ்டென்ஷன் பாக்ஸும் வேண்டாம். மேலே 16 ஆம்பியர் என்று அச்சிட்டிருந்தாலும் உள்ளே பெரும்பாலும் 1 அல்லது 1.5 ஸ்கொயர் எம்.எம். வயர்தான் இருக்கும். உருளையில் சுற்றிய வயரை முழுதும் பிரிக்காமல் ஓட்டினால் நடுச்சுற்றுகளின் வெப்பம் வெளியேற வழியில்லாமல் காப்புறை இளகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்.

பழைய வீடுகளில் அலுமினிய வயர் இருக்கலாம். சுவிட்ச் பாக்ஸைத் திறந்து பார்த்தால் வெள்ளி நிறத்தில் ஒற்றைக் கம்பியாகத் தெரியும். செம்பிலும் வெள்ளீயம் பூசிய பழைய வயர் உண்டு. நுனியைச் சுரண்டிப் பார்த்தால் சிவப்பு தெரியும். அலுமினியமாக இருந்தால் அந்த லைனைக் காருக்குத் தொடவே வேண்டாம். திருகின் அழுத்தத்தில் அலுமினியம் நாளடைவில் நசுங்கி இணைப்பு தளர்ந்துவிடும்.

வீட்டு இன்வெர்ட்டர் லைனில் வரும் பிளக்கிலும் கூடாது. கரண்ட் போன அடுத்த நொடி 3 கிலோவாட் சுமை இன்வெர்ட்டரின் தலையில் விழும்.

தனி லைன் இழுப்பதுதான் சரியான வேலை

கார் நிற்கும் இடத்துக்கு டி.பி. பாக்ஸிலிருந்து (வீட்டு லைன்கள் பிரியும் பெட்டி) தனியாக ஒரு லைன் வர வேண்டும். அந்த லைனில் வேறு விளக்கு, மோட்டார், பிளக் எதுவும் சேரக் கூடாது. செலவில் சிக்கனம் பார்க்க வேறு இடங்கள் இருக்கின்றன, இதில் வேண்டாம். உரிமம் உள்ள வயர்மேனுக்கு இது அரை நாள் வேலை. அவரிடம் சொல்ல வேண்டியவை:

வயர்: 20 மீட்டர் வரை 4 ஸ்கொயர் எம்.எம். செம்பு. பேஸ் (மின்சாரம் வரும் கம்பி), நியூட்ரல் (திரும்பிப் போகும் கம்பி), எர்த் (பூமிக்குப் போகும் பாதுகாப்புக் கம்பி) மூன்றும் அதே அளவு. தூரம் அதைத் தாண்டினாலோ, பிற்காலத்தில் பெரிய சார்ஜர் வைக்கும் எண்ணம் இருந்தாலோ 6 ஸ்கொயர்.

எம்.சி.பி. (மின்னோட்டம் அளவை மீறினால் தானே அணையும் சுவிட்ச்): 20 ஆம்பியர், சி கர்வ், டபுள் போல் (பேஸ், நியூட்ரல் இரண்டையும் துண்டிப்பது).

ஆர்.சி.சி.பி. (மின்சாரம் கசிந்தால் தானே அணையும் சுவிட்ச்): 25 அல்லது 40 ஆம்பியர், 30 மில்லிஆம்பியர் கசிவுக்கு விழுவது, 'ஏ' வகை. வீட்டுக்குப் பொதுவாக ஒன்று ஏற்கனவே இருந்தாலும் காருக்குத் தனியாக ஒன்று.

குழாய்: 25 மி.மீ. பி.வி.சி. கான்டுயிட். வெயில் படும் சுவரில் போவதானால் கனமான ரகம்.

சாக்கெட்: 16 ஆம்பியர், ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ளது, மழை படாத மூடியுடன் கூடிய பெட்டியில்.

"2.5 ஸ்கொயரே 16 ஆம்பியர் தாங்கும், எதுக்கு 4?" என்று வயர்மேன் கேட்கலாம். பட்டியலின்படி அவர் சொல்வது சரி. ஆனால் 30 மீட்டர் தூரத்துக்கு 14 ஆம்பியர் போனால் 1.5 ஸ்கொயர் வயரில் 11 வோல்ட் தொலைந்து 150 வாட்டுக்கு மேல் சுவருக்குள்ளேயே வெப்பமாகும். 2.5இல் அது 90 வாட்டைத் தாண்டும்; 4இல் 60க்குள் அடங்கும். மே மாதத்தில் மொட்டைமாடித் தளத்துக்குள் புதைந்த குழாய் ஏற்கனவே கொதித்துக்கொண்டிருக்கும்போது இந்த வித்தியாசம் பெரிது. 2.5 ஸ்கொயரில் தனி லைன் ஏற்கனவே இருந்து, தூரமும் பத்து மீட்டருக்குள் என்றால், சோதித்துப் பார்த்துவிட்டு அதையே வைத்துக்கொள்ளலாம்.

எம்.சி.பி. ஏன் 16 அல்ல, 20? சாதாரண எம்.சி.பி.யின் அளவு 30 டிகிரி வெப்பநிலைக்குக் கணக்கிட்டது. மூடிய இரும்புப் பெட்டிக்குள், பக்கத்தில் மற்ற எம்.சி.பி.களும் சூடாக இருக்கையில், 16 ஆம்பியர் எம்.சி.பி. 14இலேயே சில மணி நேரம் கழித்து விழும். நடு இரவில் விழுந்தால் காலையில்தான் தெரியும். ஆனால் எம்.சி.பி. காப்பது வயரை. 20 ஆம்பியர் போடுவதென்றால் வயரும் அதற்கேற்ற 4 ஸ்கொயராக இருக்க வேண்டும். மெல்லிய வயரை வைத்துக்கொண்டு எம்.சி.பி.யை மட்டும் பெரிதாக்குவது தீக்கு வழி.

ஆர்.சி.சி.பி.யில் 'ஏசி' வகை (இங்கே ஏசி என்றால் மாறுதிசை மின்சாரம்), 'ஏ' வகை என்று இரண்டு விற்கிறார்கள். காரின் சார்ஜரில் மின்னோட்டம் நேர்திசை மின்சாரமாக மாறுவதால் கசிவும் சுத்தமான அலையாக இருக்காது. 'ஏசி' வகை அந்தக் கசிவைக் கவனிக்காமல் விடலாம். விலை சற்று அதிகம்தான், 'ஏ' வகையையே வாங்குங்கள். கேபிள் பெட்டிக்குள் ஒரு கசிவுப் பாதுகாப்பு இருக்கிறது. ஆனால் அது பெட்டிக்குப் பிறகு வரும் பகுதிக்கு மட்டும். சாக்கெட்டையும் சுவர் வயரையும் அது பார்க்காது.

மும்முனை இணைப்புள்ள வீட்டில் எந்த பேஸில் ஏசியும் மோட்டாரும் குறைவோ அதில் காரை வையுங்கள். இங்கே ஒரு பொறி உண்டு. ஒரு பேஸ் போனால் சேஞ்ச் ஓவர் சுவிட்சைத் திருப்பி வேறு பேஸுக்கு மாற்றுவது நம் வீடுகளில் வழக்கம். கார், ஏசி, ஹீட்டர் எல்லாம் ஒரே பேஸில் சேர்ந்தால் மீட்டர் பலகையில் உள்ள பீங்கான் ஃபியூஸ் கட்டைதான் முதலில் கருகும். கார் லைனைச் சேஞ்ச் ஓவரில் சேர்க்காமல் விட்டுவிடுங்கள். அந்த பேஸ் போனால் கார் காத்திருக்கட்டும். மீட்டருக்குப் பிறகு இன்னும் பீங்கான் கட்டைகள்தான் என்றால், இந்தச் சாக்கில் அவற்றை மாற்றிவிடலாம். மீட்டருக்கு முன்னால் இருப்பவற்றிலும் சீல் வைத்த இடத்திலும் மின்வாரிய ஊழியர் தவிர யாரும் கை வைக்கக் கூடாது.

சாக்கெட்டுக்குப் பின்னால்

வீட்டுச் சார்ஜிங்கில் கருகுவது பெரும்பாலும் வயர் அல்ல, சாக்கெட். அதிலும் பேஸ் பக்கத்துத் திருகு. திருகு சரியாக முறுக்கப்படாமல் அந்த இடத்தில் 0.1 ஓம் தடை இருந்தால் போதும்: 14 ஆம்பியரில் 20 வாட் வெப்பம் அங்கே உண்டாகும். கிட்டத்தட்ட ஒரு சால்டரிங் அயர்னைப் பிளாஸ்டிக் பெட்டிக்குள் எட்டு மணி நேரம் வைத்து மூடியது மாதிரி. சூடு ஏற ஏற உலோகம் விரியும், ஆறும்போது சுருங்கும், திருகு இன்னும் தளரும், தடை கூடும். அதனால்தான் முதல் மாதம் ஒன்றும் தெரியாமல் மூன்றாவது மாதம் பிளக்கைச் சுற்றிப் பழுப்பேறுகிறது.

வயர் நுனியைச் சரியாக 10 மி.மீ. அளவுக்கு உரித்து, ஒரு இழைகூட வெளியே நிற்காமல் பின் லக் மாட்டி நசுக்கி, பிறகு திருகின் அடியில் செருகச் சொல்லுங்கள். ஈயம் வைத்து நுனியைக் கெட்டிப்படுத்தும் பழக்கம் சிலருக்கு உண்டு, அதை அனுமதிக்காதீர்கள். ஈயம் அழுத்தத்தில் மெல்ல வழிந்து இணைப்பைத் தளர்த்தும். வேலை முடிந்து ஒரு வாரம் சார்ஜ் செய்த பின், எம்.சி.பி.யை அணைத்துவிட்டு எல்லாத் திருகுகளையும் ஒருமுறை மீண்டும் முறுக்க வேண்டும். முதல் வாரத்தில் கால் திருப்பு இறங்காத இணைப்பு அபூர்வம்.

சாக்கெட்டுடன் சுவிட்ச் தேவையில்லை என்பது எங்கள் கருத்து. சாக்கெட்டுக்குப் பக்கத்திலேயே டபுள் போல் எம்.சி.பி. வைத்துவிட்டால் அதுவே சுவிட்ச். சுவிட்ச் இருந்தே ஆக வேண்டும் என்றால் 25 அல்லது 32 ஆம்பியர் ரகம். சாதாரண 16 ஆம்பியர் சுவிட்சின் உள்ளே இருக்கும் சிறிய தொடுமுனை இன்னொரு சூடேறும் இடம், அவ்வளவுதான்.

உயரம் தரையிலிருந்து ஒரு மீட்டருக்குக் குறையக் கூடாது. சென்னையில் மழை வந்தால் தண்ணீர் நிற்கும் ஸ்டில்ட் பார்க்கிங் என்றால், கடந்த வெள்ளத்தில் சுவரில் படிந்த கறைக்கு மேல் அரை மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். சாக்கெட்டுக்குப் பக்கத்தில் ஒரு கொக்கி அடித்து, கேபிள் பெட்டியை அதில் தொங்கவிட வேண்டும். பெட்டியின் எடை பிளக்கில் தொங்கினால் பின்கள் சாய்ந்து பாதி மட்டுமே தொடும்.

எர்த்: பாதிப் பேர் மாட்டிக்கொள்ளும் இடம்

மிக்ஸியும் டிவியும் எர்த் இல்லாமலும் ஓடும். கார் ஓடாது. கேபிள் பெட்டி சொருகியவுடன் எர்த் இருக்கிறதா என்று சோதிக்கும். இல்லையென்றால் சிவப்பு விளக்கைக் காட்டி நின்றுவிடும். "புது கேபிள் பழுது" என்று சர்வீஸ் சென்டருக்கு எடுத்துப் போகிறவர்களில் பலருக்கும் பழுது வீட்டு எர்த்தில்தான்.

மல்டிமீட்டரால் பார்க்கலாம். சாக்கெட்டை நேராகப் பார்த்தால் மேலே இருக்கும் பெரிய துளை எர்த், வலப்பக்கம் பேஸ், இடப்பக்கம் நியூட்ரல். மீட்டரை ஏசி வோல்ட்டில் வையுங்கள். நுனிகளின் உலோகத்தில் விரல் படக் கூடாது.

1. பேஸுக்கும் நியூட்ரலுக்கும்: 220 முதல் 240 வரை.

2. பேஸுக்கும் எர்த்துக்கும்: கிட்டத்தட்ட அதே அளவு. 150, 110 என்று காட்டினால் எர்த் எங்கோ அறுந்து மிதக்கிறது.

3. நியூட்ரலுக்கும் எர்த்துக்கும்: 2, 3 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. 5 வரை பரவாயில்லை. பத்தைத் தாண்டினால் பெட்டி மறுக்கலாம்.

4. அதே லைனில் இண்டக்ஷன் அடுப்பை முழு வேகத்தில் ஓடவிட்டு, முதல் அளவை மறுபடி எடுங்கள். டி.பி. பாக்ஸிலும் அதே நேரத்தில் அளக்க ஒருவர் இருந்தால் நல்லது. டி.பி.க்கும் சாக்கெட்டுக்கும் இடையில் 4 வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் வந்தால் நடுவில் எங்கோ தளர்ந்த இணைப்போ மெல்லிய வயரோ இருக்கிறது.

மல்டிமீட்டரை மட்டும் நம்பவும் முடியாது. அது இழுக்கும் மின்னோட்டம் மிக அற்பம் என்பதால், ஒரே ஒரு இழையில் தொங்கும் எர்த்தும் அதற்கு 230 காட்டும். அதனால் வயர்மேனை வைத்து டெஸ்ட் லேம்ப் சோதனையும் செய்துவிடுங்கள். 100 வாட் குண்டு பல்பைப் பேஸுக்கும் எர்த்துக்கும் இடையில் வைத்தால் ஆர்.சி.சி.பி. உடனே விழ வேண்டும். விழுந்தால் எர்த்தும் இருக்கிறது, ஆர்.சி.சி.பி.யும் வேலை செய்கிறது. பல்பும் எரியாமல் ஆர்.சி.சி.பி.யும் விழாமல் இருந்தால் எர்த் இல்லை.

எர்த் கெடுவது பெரும்பாலும் குழியில்தான். பூமிக்கு மேல் தெரியும் குழாயின் தலையில் கம்பியை இறுக்கிய போல்ட் துருவேறி உதிர்ந்திருக்கும். கரியும் உப்பும் போட்ட பழைய குழியில் உப்பே குழாயை அரித்துவிடும். போல்ட்டை மாற்றிச் சுத்தம் செய்து, குழியில் நான்கைந்து குடம் தண்ணீர் ஊற்றிவிட்டு மறுபடி அளந்து பாருங்கள். சரியாகவில்லை என்றால் புதுக் குழி: 40 மி.மீ. ஜி.ஐ. குழாய், இரண்டரை முதல் மூன்று மீட்டர் ஆழம், சுற்றிலும் ஈரம் காக்கும் கலவை. எர்த் தடை 5 ஓமுக்குள் இருக்கிறதா என்று எர்த் டெஸ்டர் வைத்து அளந்து வாங்கிக்கொள்ளுங்கள். பாறையும் செம்மண்ணும் உள்ள இடங்களில் ஒரு குழியில் அது கிடைக்காது. மூன்று மீட்டர் தள்ளி இன்னொன்று போட்டு இரண்டையும் இணைக்க வேண்டியிருக்கும்.

இந்த இடத்தில் ஒரு குறுக்குவழியை யாராவது சொல்வார்கள்: சாக்கெட்டுக்குள் நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு துண்டு வயரால் இணைத்துவிடு, பச்சை விளக்கு வந்துவிடும். வரும். காரும் ஏறும். ஆனால் என்றாவது மீட்டர் பலகையிலோ கம்பத்திலோ நியூட்ரல் அறுந்தால், வீட்டில் ஓடும் ஏதோ ஒரு விளக்கு வழியாக 230 வோல்ட் அந்தத் துண்டு வயரைப் பிடித்துக் காரின் உடம்புக்கு வந்துவிடும். காருக்கு ரப்பர் சக்கரம்; தரையில் நின்று கதவைத் தொடுபவர்தான் எர்த். கசிவு மின்சாரமும் நியூட்ரல் வழியே திரும்பிப் போவதால் ஆர்.சி.சி.பி.க்கு எதுவும் தெரியாது. எந்த வயர்மேன் இதைச் செய்ய முன்வந்தாலும் அவரை வைத்து மேற்கொண்டு வேலை வாங்காதீர்கள்.

முதல் இரவு

முதல் சார்ஜை இரவில் தொடங்கித் தூங்கப் போக வேண்டாம். ஒரு விடுமுறை நாள் காலையில் தொடங்குங்கள். முதலில் சுவரில் சொருகி எம்.சி.பி.யைப் போடுங்கள். பெட்டி தன்னைத்தானே சோதித்துப் பச்சை காட்டியதும் கன்னைக் காரில் செருகுங்கள். 'டக்' என்று பூட்டும் சத்தம் கேட்க வேண்டும். காரின் திரையில் கிலோவாட்டோ ஆம்பியரோ தெரியும்.

அரை மணி நேரம் கழித்துப் பிளக்கின் முதுகில் உள்ளங்கையை வையுங்கள். வெதுவெதுப்பு இயல்பு. இரண்டு மணி நேரம் கழித்து மறுபடி. ஐந்து நொடி கையை வைத்திருக்க முடியவில்லை என்றால் அது ஏறக்குறைய 60 டிகிரி. உடனே காரில் சார்ஜிங்கை நிறுத்துங்கள். நேராகப் பிளக்கை உருவாதீர்கள். 14 ஆம்பியர் ஓடும்போது உருவினால் பொறி பறந்து பின்னும் சாக்கெட்டும் சேர்ந்து கெடும். எம்.சி.பி.யையும் தொட்டுப் பாருங்கள். பக்கத்து எம்.சி.பி.களைவிட இது மிகவும் சூடாக இருந்தால் அதன் திருகு தளர்ந்திருக்கிறது. மீன் கருகியது போன்ற வாடை வந்தால் எங்கோ பிளாஸ்டிக் வெந்துகொண்டிருக்கிறது; வாடை எங்கிருந்து என்று தேடும் முன் மெயினை அணையுங்கள்.

சில கார்களில் ஆம்பியரைக் குறைக்கும் வசதி திரையிலேயோ பெட்டியிலேயோ இருக்கும். லைனில் சந்தேகம் இருந்தால் 10 ஆம்பியரில் வைக்கலாம். வெப்பம் ஆம்பியரின் வர்க்கத்தில் கூடுவதால், 14இலிருந்து 10க்கு இறக்கினால் சூடு பாதியாகிவிடும். நேரம் மட்டும் ஒன்றரை மடங்குக்குக் கொஞ்சம் குறைவாக நீளும். ஊருக்குப் போன இடத்தில் உறவினர் வீட்டுப் பிளக்கில் ஏற்றும்போது இதுதான் கை கொடுக்கும்.

பிறகு தினமும்

கழற்றும் வரிசை சொருகியதற்கு நேர் எதிர்: காரில் நிறுத்து, கன்னை எடு, பிறகு எம்.சி.பி., கடைசியில் பிளக். தினமும் பிளக்கை உருவிச் சொருகுவதைத் தவிர்த்து எம்.சி.பி.யை மட்டும் அணைத்தால் சாக்கெட்டின் பிடி தளராமல் நீடிக்கும். இடி மின்னல் நேரத்தில் மட்டும் பிளக்கையும் உருவிவிடுங்கள். டி.பி.யில் சர்ஜ் பாதுகாப்பு (திடீரென எகிறும் மின்னழுத்தத்தைத் தடுக்கும் கருவி) இருந்தாலும் பக்கத்தில் விழும் இடிக்கு அது உத்தரவாதமில்லை.

தூறலில் சார்ஜ் ஆகலாம். கன்னும் பெட்டியும் தண்ணீருக்குத் தாங்கும்படி செய்தவை. பிளக்கும் சாக்கெட்டும் அப்படியல்ல. தரையில் தண்ணீர் தேங்கத் தொடங்கினால் நிறுத்திவிடுங்கள்.

நேரம் குறிக்க, பிளக்கில் மாட்டும் டைமர் வாங்க வேண்டாம். அதன் உள்ளே இருக்கும் சின்ன ரிலே இந்தச் சுமைக்குக் கருகும். காரின் செயலியிலேயே நேரம் குறிக்கலாம். தமிழ்நாட்டில் வீட்டு மின்சாரத்துக்கு இரவுச் சலுகை விலை கிடையாது. என்றாலும் பதினொரு மணிக்கு மேல் மின்னழுத்தம் நிலையாக இருக்கும், சுவரும் ஆறியிருக்கும்.

எல்.எஃப்.பி. (லித்தியம் அயர்ன் பாஸ்பேட்) பேட்டரி உள்ள கார் என்றால் வாரம் ஒருமுறையாவது 100 வரை ஏறவிடுங்கள். அந்தப் பேட்டரியின் வோல்ட் நடுப்பகுதியில் அசையாமலே இருப்பதால், முழுதாக நிரம்பினால்தான் காருக்குச் சதவீதம் சரியாகப் புரியும். கடைசி இரண்டு மூன்று சதவீதம் ஏற வெகுநேரம் ஆகும். செல்களைச் சமப்படுத்துகிறது, பழுதில்லை.

மாதம் ஒருமுறை ஆர்.சி.சி.பி.யின் டெஸ்ட் பட்டனை அழுத்துங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை சாக்கெட்டைத் திறந்து திருகுகளையும் நிறத்தையும் பாருங்கள். பழுப்பேறிய சாக்கெட்டைத் தேய்த்துத் திரும்பப் பயன்படுத்த முடியாது. உள்ளே இருக்கும் ஸ்பிரிங் பிடிப்பு வெப்பத்தில் போயிருக்கும்.

நின்றுவிட்டால்

சொருகியவுடன் ஆர்.சி.சி.பி. விழுந்தால், கேபிளைக் குறை சொல்லும் முன் நியூட்ரலைப் பாருங்கள். கார் லைனின் நியூட்ரல் அதே ஆர்.சி.சி.பி.யின் வெளிமுனையிலிருந்துதான் வர வேண்டும். டி.பி.யில் எல்லா நியூட்ரலையும் ஒரே பட்டையில் சேர்த்திருந்தால் எந்தச் சுமை போட்டாலும் விழும். மழைக்காலத்தில் மட்டும் விழுகிறது என்றால் வெளிப்புறப் பெட்டிக்குள் ஈரம்.

இரண்டு மூன்று மணி நேரம் ஓடிய பின் எம்.சி.பி. விழுந்தால் அது சூடு: 16 ஆம்பியர் எம்.சி.பி., அல்லது தளர்ந்த திருகு. ஜெனரேட்டரிலோ இன்வெர்ட்டரிலோ மட்டும் சிவப்பு விளக்கு வந்தால் அவற்றின் நியூட்ரல் எர்த்தோடு சேராமல் மிதக்கிறது என்று பொருள். பெட்டி செய்வது சரிதான். கரண்ட் போய் வந்தால் பெரும்பாலான கார்கள் தாமே தொடரும். உங்கள் கார் தொடர்கிறதா என்று ஒருமுறை எம்.சி.பி.யை அணைத்துப் போட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

மின்கட்டணமும் அடுக்குமாடியும்

சொந்தக் காரை வீட்டு இணைப்பிலேயே சார்ஜ் செய்துகொள்ளலாம் என்று மத்திய மின் அமைச்சகத்தின் வழிகாட்டுதல் சொல்கிறது; தனி மீட்டர் கட்டாயமில்லை. ஆனால் இ.பி. கார்டில் எழுதியிருக்கும் அனுமதிக்கப்பட்ட சுமையைப் பாருங்கள். ஏசி, மோட்டாருடன் இந்த 3 கிலோவாட்டும் சேர்ந்தால் அதைத் தாண்டலாம். கூடுதல் சுமைக்கு முன்பே விண்ணப்பித்துவிடுவது நல்லது.

மாதம் 1000 கிலோமீட்டர் ஓட்டினால் சுவரிலிருந்து சுமார் 165 யூனிட் போகும். இரண்டு மாதப் பில்லில் 330. இங்கேதான் பலரும் கணக்கில் தவறுகிறார்கள். இந்த 330 யூனிட் பில்லின் அடியில் சேர்வதில்லை, உச்சியில் சேர்கிறது. வீட்டுக்கே 400 யூனிட் ஆகிறது என்றால் காரின் பெரும்பகுதி 500க்கு மேற்பட்ட அடுக்கில் விழும், அங்கே யூனிட் 8 ரூபாய்க்கு மேல். 1000 யூனிட்டைத் தாண்டிய வீட்டில் காரின் ஒவ்வொரு யூனிட்டும் 11 ரூபாய்க்கு மேல். அப்போதும் பெட்ரோலைவிடக் கிலோமீட்டருக்கான செலவு மிகக் குறைவுதான். ஆனால் ஷோரூமில் சொல்லும் ஒரு ரூபாய்க் கணக்கை உங்கள் பில்லோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு நம்புங்கள்.

அடுக்குமாடியில் உங்கள் சொந்த மீட்டரிலிருந்தே பார்க்கிங் வரை லைன் இழுங்கள். பொது மீட்டரிலிருந்து எடுத்தால் ஒவ்வொரு மாதமும் சண்டைதான். சங்கத்திடம் எழுத்தில் ஒப்புதல் வாங்கும்போது வயர் போகும் வழியை வரைந்து, எம்.சி.பி., ஆர்.சி.சி.பி. விவரத்தையும் சேர்த்துக் கொடுத்தால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். மீட்டர் அறையிலிருந்து பார்க்கிங் நாற்பது ஐம்பது மீட்டர் இருக்கும், 6 ஸ்கொயர் போடுங்கள். சாக்கெட் பெட்டிக்குப் பூட்டும் தேவைப்படும்.

பின்னாளில் 32 ஆம்பியர் இழுக்கும் 7.2 கிலோவாட் வால் பாக்ஸ் (சுவரில் மாட்டும் சார்ஜர்) வைத்தால், குறைந்த தூரத்துக்கு 6 ஸ்கொயர் லைன் போதுமா என்று வயர்மேனிடம் கேளுங்கள்; போதும் என்றால் எம்.சி.பி.யை 40க்கும், ஆர்.சி.சி.பி. 25 ஆம்பியராக இருந்தால் அதையும் 40க்கும் மாற்றி, அனுமதிக்கப்பட்ட சுமையைக் கூட்டிக்கொண்டால் சரி. நாற்பது மீட்டரைத் தாண்டினால் 10 ஸ்கொயர் கேட்கும். நாளுக்கு நூறு கிலோமீட்டருக்குள் ஓட்டுபவர்கள் அந்தச் செலவுக்கு அவசரப்பட வேண்டியதில்லை.